மேசைமேல் வைத்த மஞ்சள் அட்டை

அட்டை இன்னும் மணக்கிறது.

பழைய கோப்புகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். சட்டைப்பையில் அடங்கும் அளவு. துணியோடு சேர்ந்து ஒருமுறை நனைந்து, காய்ந்து, ஓரம் பிரிந்துபோன மஞ்சள் அட்டை. உறையைத் திறந்ததும் அந்தப் பச்சைத் தைலத்தின் வாசனை வந்தது. ஃபெரியில் ஏறி உட்கார்ந்தவுடன் நீங்கள் நெற்றிப்பொட்டில் தொட்டுக்கொள்ளும் மின்யாக் ஆங்கின். நீங்கள் இதைத் தந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஓர் அட்டை இவ்வளவு காலம் வாசனையை வைத்திருக்குமா, அல்லது நானே கொண்டுவந்து சேர்க்கிறேனா, தெரியவில்லை. என் மூக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை.

அட்டையைத் தேடியதற்குக் காரணம் உண்டு. புதன்கிழமை உங்கள் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். நீங்கள் போன பிறகு முதல் தடவை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கடிதம் வேண்டும். மனைவியை அடித்த ஆண்களுக்காக நாங்கள் நடத்தும் வகுப்பை முழுதாக முடித்தவர், மாறிவிட்டவர் என்று எழுதி, முத்திரை குத்தித் தர வேண்டும். அதை உங்கள் பெரியக்காவிடம் காட்டி, நிபோங் திபாலில் அவர் வீட்டில் வளரும் மகளைத் தன் பாயான் பாரு ஃபிளாட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

“வகுப்பு நடத்தின சார்தான் வேலைய விட்டுட்டாரே. இப்ப நீங்கதான் எழுதணும்னு சொன்னாங்க.”

யோசிக்க வேண்டும் என்றேன்.

“எழுதறதுக்கு என்ன யோசன? எல்லாம் உங்க ஃபைல்லயே இருக்குல்ல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு யோசிப்பது என்பது உங்களோடு பேசுவதுதான், அக்கா. அதனால் அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் இதை எழுதுகிறேன்.

என் வேலை எளிது என்று அப்போது நினைத்திருந்தேன். வகுப்புக்கு வரும் ஆண், புதன்கிழமை மாலைகளில் சாரிடம் தன்னைப் பற்றிச் சொல்வான். சொன்னது உண்மையா என்று அவன் மனைவியிடம் தனியாகக் கேட்டு வர ஒருவர் வேண்டும். பல்கலைக்கழகம் முடித்து வந்த எனக்கு அந்த வேலையைத் தந்தார்கள். கேள்விகள் அச்சிட்ட ஒரு பாரம், சில கட்டங்கள். அடித்தாரா. தள்ளினாரா. பொருளை உடைத்தாரா. மிரட்டினாரா.

உங்கள் வீட்டுத் தொலைபேசி ஆபத்து. லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட் கடை ஒன்றில் உட்கார்ந்து பேசலாம் என்றேன். “மார்க்கெட் ஸ்ட்ரீட்லயா? நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடும்லா” என்றீர்கள். ஃபெரி உங்கள் யோசனை. சனிக்கிழமைதோறும் நீங்கள் மகளைப் பார்க்க அக்கரைக்குப் போவீர்கள். பட்டர்வொர்த் வரை நானும் மேல்தளத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். நீங்கள் இறங்கிப் பஸ் ஏறுவீர்கள், நான் அதே ஃபெரியில் திரும்புவேன். எந்திரச் சத்தத்தில் அடுத்த பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது.

முதல் நாள் கேள்வி கேட்டது நீங்கள்.

“படிச்ச பிள்ளையா?”

“ஆமாக்கா.”

“சிலோன்காரங்களா?”

“எப்படித் தெரியும்?”

“பேச்சுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. உங்க வீட்டுல எல்லாம் இது நடக்காது, இல்ல?”

நடக்காது என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். நீங்கள் தைலப் புட்டியின் மூடியைத் திருகினீர்கள். நம்பியதாகத் தெரியவில்லை.

தொழிற்சாலையில் உங்களுக்கு மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. பன்னிரண்டு வருடம். “ஒடஞ்சதக் கண்டுபிடிக்கறது ஈசி. நல்லா இருக்கற மாதிரி தெரியுது பாருங்க, அதத்தான் ரெண்டு தடவ பாக்கணும்” என்றீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். அன்று பார்க்கப்பட்ட பொருள் நான்தான் என்பது ஃபெரி திரும்பும்போதுதான் உறைத்தது.

மஞ்சள் அட்டை சாரின் கண்டுபிடிப்பு. அவர் பள்ளியாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுகளில் கால்பந்து நடுவர். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வகுப்பு நடக்கும் அறைக்கும் நான் தட்டச்சு செய்யும் இடத்துக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்றுதான். எல்லாம் கேட்கும்.

“கோபம் தலைக்கு ஏறுதுன்னா வாயத் தொறக்காதீங்க. இத மேசையில வச்சிட்டு வெளிய போங்க. ஒரு மணி நேரம் நடங்க. குடிக்கக் கூடாது, மோட்டார் எடுக்கக் கூடாது. எறங்கினப்புறம் வீட்டுக்கு வாங்க.”

“மழ பேஞ்சா சார்?”

“குட எடுத்துக்கிட்டுப் போங்கலா.”

“ரெண்டு தடவ வச்சா செவப்பு அட்டையா?”

“செவப்பு அட்ட உங்ககிட்ட இல்ல தம்பி. அது அவங்க கையில. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போற வழி அவங்களுக்குத் தெரியும்.”

சிரித்தார்கள். அட்டை பலருக்கு உதவியது. அதை நான் மறைக்கவில்லை. ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி, அந்த அட்டைக்குப் பிறகுதான் வீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று என்னிடம் சொன்னார்.

உங்கள் கணவர் வகுப்பின் முதல் மாணவர். நீதிமன்றம் அனுப்பி வந்தவர் என்று தெரியாதவர்கள் அவரை உதவியாசிரியர் என்றே நினைத்திருப்பார்கள். மூன்றாவது வாரமே “என் கோபத்துக்கு நான்தான் பொறுப்பு, என் மனைவி இல்ல” என்று தடுமாறாமல் சொன்னார். சாருக்குச் சந்தோஷம். நான் ‘நன்றாகப் புரிந்துகொள்கிறார்’ என்று தட்டச்சு செய்தேன்.

ஃபெரியில் இதைச் சொன்னபோது உங்கள் முகம் மாறவில்லை.

“அவருக்குப் பாட்டு ஒரு தடவ கேட்டா போதும், அப்படியே பாடுவாரு” என்றீர்கள்.

மூன்று மாதம். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’. அடிக்கவில்லை, தள்ளவில்லை, உடைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் நெருங்கியது. உங்கள் மகளுக்கு எட்டரை வயது. அவளைத் திரும்பக் கூட்டிவருவதா, நிபோங் திபாலிலேயே பள்ளியில் சேர்ப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை நேராகவே கேட்டீர்கள்.

“கூட்டிட்டு வரலாமா தங்கச்சி?”

பாரங்களைப் புரட்டினேன். சுத்தமாக இருந்தன.

“இதப் பாத்தா, வரலாம் போலத்தான் இருக்குக்கா.”

பாதிக் கடல் தாண்டினோம். பிறகு கைக்குட்டையைப் பிரித்து இந்த அட்டையை என் மடியில் வைத்தீர்கள்.

“துணி தொவைக்கறப்ப சட்டப் பையில இருந்திச்சு. எடுக்காம அப்படியே தொவச்சேன்.”

“வேணும்னேவா?”

“வேணும்னேதான்.”

பிறகு சொன்னீர்கள். நான் குறிப்பெடுக்கவில்லை. ஆனாலும் சொல் மாறாமல் நினைவில் இருக்கிறது.

“பிள்ளைக்கு யூனிஃபார்ம் வாங்கணும்னு ஆரம்பிப்பேன். அட்ட வரும். கரண்டு பில்லும்பேன். அட்ட. முந்தாநேத்து சோறு வைக்கட்டுமான்னு கேட்டேன், அதுக்கும் அட்ட. எழுந்து போயி மாமாக் டீக்கடையில தே தாரிக் குடிச்சிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சி விசில் அடிச்சிக்கிட்டு வருவாரு.”

“கோபத்துலதான போறாரு?”

“கோபமே இல்லலா. அதத்தான் சொல்றேன். முன்னாடி என் வாய மூட அவருக்குக் கை வேணும். இப்ப இது போதும். நீங்க குடுத்தது.”

மடியில் இருந்த பாரங்களை மூடி வைத்தேன்.

“அவரு அடிச்சி மூணு மாசமாச்சு, சரிதான். நான் ஒரு பேச்ச முழுசாப் பேசியும் மூணு மாசமாச்சு. அதுக்கு உங்க பாரத்துல கட்டம் இருக்கா?”

இல்லை.

பட்டர்வொர்த்தில் நீங்கள் இறங்கிப் போனீர்கள். நான் திரும்பும் ஃபெரியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீடு ஞாபகம் வந்தது. அப்பா அம்மாவை அடித்ததே இல்லை. குரல் உயர்த்தியதும் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. மாலையில் பேப்பர் படிப்பார். அம்மா ஏதாவது சொல்லத் தொடங்குவாள். அப்பா பேப்பரை நான்காக மடித்து மேசையில் வைப்பார். அம்மா நிறுத்திவிடுவாள். சமையலறைக்குப் போவாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இதை உங்களிடம் சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் ‘நடக்காது’ என்று சொல்லியிருந்தேனே, அதைத் திருத்த வெட்கமாக இருந்தது.

சாரிடம் அட்டையைக் காட்டினேன்.

“அடிக்கலல்ல? அத மொதல்ல பாரும்மா” என்றார்.

“வாயத் தொறக்கவே விடல சார்.”

“எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி? ஆளுங்கள நம்பாம இந்த வேலய செய்ய முடியாது.”

“அவங்களையும் நம்பலாமே சார்.”

கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அட்டையைத் தன் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த புதன்கிழமை, யார் பெயரையும் சொல்லாமல், எல்லோருக்கும் ஒரு புது விதி சொன்னார். வெளியே போனவர் திரும்பி வந்ததும், ‘நீ என்ன சொல்லிக்கிட்டு இருந்த’ என்று அவரே கேட்க வேண்டும். அவள் முடிக்கும்வரை உட்கார வேண்டும்.

“அவங்க முடிக்கவே இல்லன்னா சார்?”

சிரிப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் உங்கள் கணவரின் குரலும் இருந்தது. அவர் தன் அட்டை தொலைந்துவிட்டதாகச் சொல்லி, சாரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

“கேட்டாரா?” என்றேன் சனிக்கிழமை.

“கேட்டாரு. வாட்ச் பாத்துக்கிட்டே.”

நாம் இருவரும் சிரித்தோம். அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

பள்ளி திறந்தது. மகள் அங்கேயே சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து நீங்கள் அவரைச் சோதித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தீர்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா அன்று தன் கதவைத் திறந்து வைத்திருப்பார். உங்கள் செருப்பு வாசலில், ஓட வசதியாக, வெளியே பார்த்தபடி இருக்கும். நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொலைபேசி அடிக்கவில்லை. சனிக்கிழமை வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஃபெரியில் சொன்னீர்கள். “பிள்ளையக் கூட்டிட்டு வர எனக்கு பயமா இருக்குன்னேன். உங்ககிட்டதான் பயம்னேன். போன தடவ நீங்க அடிச்சப்ப அவ கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டு இருந்தா, நீங்க பாக்கலன்னேன்.”

“அவரு?”

“கை பைக்குள்ள போச்சு. அட்டைய எடுத்தாரு. ஆனா வைக்கல. கையிலயே வச்சிக்கிட்டு நின்னாரு, அது மடிஞ்சே போச்சு. நான் முழுசாச் சொல்லி முடிச்சேன். அப்புறம்தான் வச்சிட்டுப் போனாரு.”

“திரும்பி வந்து?”

“வந்து ஒக்காந்து, ‘எந்தக் கட்டிலு’ன்னு கேட்டாரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது மாற்றம்தானே அக்கா என்றேன்.

“ஒரு பீஸ் பாஸாச்சு. முழு லாட்டு இன்னும் பாஸாகல” என்றீர்கள். தைலத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தீர்கள். “வாயப் பாக்காதீங்க தங்கச்சி. அடுத்தவங்க பேசறப்ப அவரு கை என்ன செய்யிதுன்னு பாருங்க. நான் அதத்தான் பாக்கறேன்.”

அதற்குப் பிறகும் அவர் உங்களை அடிக்கவில்லை. சில வாரம் கேட்டார், சில வாரம் விசிலடித்தார். மகளை நீங்கள் கூட்டிவரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்றீர்கள்.

நான் இரண்டு வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போயிருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல். நான் திரும்பியபோது எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சேதி கேட்டவுடன் என் மனதில் கேள்வி ‘எப்படி’ என்று வரவில்லை. ‘யார்’ என்று வந்தது.

உங்கள் பெரியக்காவும் அதையே நினைத்திருந்தார். உங்கள் உடலைக் குளிப்பாட்டும்போது கையில், தோளில் எல்லாம் நீலம் நீலமாக இருந்ததாம். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “உண்மையச் சொல்லும்மா, அவன் அடிச்சானா?” இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். வார்டில் இருந்த இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். டெங்கிக் காய்ச்சல், ரத்தம் உறையாமல் தோலுக்கு அடியில் கசியும், ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். சண்டைச் சத்தமே இல்லை, அவரும் உங்கள் கணவரும் சேர்ந்துதான் உங்களைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்களாம். நீங்கள் படுத்திருந்த நான்கு நாளும் வார்டை விட்டு உங்கள் கணவர் நகரவில்லை என்று தாதி சொன்னார்.

எல்லாம் பொருந்தியது. நல்லா இருக்கிற மாதிரி தெரிந்தது. நீங்கள் சொல்லித் தந்தபடி இரண்டாவது தடவையும் பார்த்தேன். அப்போதும் பொருந்தியது. காய்ச்சல்தான், அக்கா. அவர் இல்லை. அதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை.

இப்போது கடிதம்.

“எழுதறதுக்கு முன்ன சனிக்கிழமை நானும் நிபோங் திபாலுக்கு வர்றேன். நீங்க பிள்ளையப் பாக்கறப்ப நான் இருக்கணும்” என்றேன், புதன்கிழமை உங்கள் கணவர் கிளம்ப எழுந்தபோது.

“சோதனையா?”

“ஆமா.”

“அவளும் இப்படித்தான்” என்றார்.

நேற்று போனேன். ஃபெரியில் நம் பெஞ்சில் ஒரு சீனக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. நின்றுகொண்டே போனேன்.

உங்கள் மகளுக்குப் பத்து வயது. உங்களைப் போலவே பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறாள். கூடத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பெரியக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார். உங்கள் கணவர் புதுப் பள்ளிப்பை ஒன்று வாங்கி வந்திருந்தார்.

“ரூமுக்கு பெயிண்ட் அடிச்சிட்டேன். ரோஸ் கலரு. ஒனக்குப் புடிச்ச கலரு” என்றார் அவளிடம்.

“எனக்கு ரோஸ் புடிக்காது. அம்மாவுக்குத்தான் புடிக்கும்.”

“ஏய்” என்றார் பெரியக்கா.

நான் உங்கள் கணவரின் கையைப் பார்த்தேன். கோப்பிக் குவளையைச் சுற்றி இறுகியது. விலகியது. சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, வெறுமையாக வெளியே வந்து, முழங்காலின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது.

“வேற என்ன கலரு வேணும்?” என்றார்.

“நான் வர்றேன்னு யாரு சொன்னா?”

“சரி. நீ சொல்றப்ப சொல்லு” என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது என்னை, அவளை இல்லை. எனக்காகச் சொன்னாரா? இருக்கலாம். நான் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரா? அதுவும் இருக்கலாம். கை பாஸாகிவிட்டது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது அவள் கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டக் டக் என்று சத்தம்.

சனிக்கிழமை. வீட்டுக்குள். அவள் காலில் பள்ளிக்கூடத்துக்குப் போடும் சப்பாத்து. கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

பின்னாலேயே போய்ப் பெரியக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அப்பா வர்ற அன்னிக்கு மட்டும் போட்டுக்குவா. சொல்லிப் பாத்துட்டேன், கழட்ட மாட்டேங்கிறா” என்றார்.

நான் உங்கள் கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக. வாசலில் வெளியே பார்த்து வைத்திருந்த உங்கள் செருப்பை மறந்துவிட்டேன்.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் என்னோடு நடந்து வந்தார்.

“அப்ப கடிதம்?”

“அவ சப்பாத்தப் பாத்தீங்களா?”

நின்றார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்த சப்பாத்து?”

உங்களிடம் அவர் ‘எந்தக் கட்டிலு’ என்று கேட்டாரே, அதே மாதிரிக் கேள்விதான். அன்று அது ஃபெரியில் என் கண்ணைக் கலங்க வைத்தது. நேற்று அப்படி ஆகவில்லை. அவர் பார்த்திருக்கவில்லை என்பது உண்மை. தெரிந்துகொள்ள விரும்பினார் என்பதும் உண்மையாக இருக்கலாம். சொன்னேன். எப்போதெல்லாம் போட்டுக்கொள்கிறாள் என்பதையும் சொன்னேன். அவர் கை இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பஸ் வரும் வரை விசில் அடிக்கவில்லை.

இதை இங்கே நிறுத்திவிட்டுக் கடிதத்தை எழுதி முடித்தேன். வகுப்புக்கு ஒழுங்காக வந்தார். அவர் மனைவி எங்களிடம் சொன்னவரை, வகுப்பில் சேர்ந்த பிறகு அவரை அடிக்கவில்லை. மகள் இப்போது பெரியம்மா வீட்டிலேயே இருப்பது நல்லது; தந்தை சனிக்கிழமைகளில் வந்து பார்க்கலாம். ‘மாறிவிட்டார்’ என்ற சொல்லை எழுதவில்லை. அவர் கேட்ட கடிதம் இது இல்லை. முத்திரை மட்டும் அவர் கேட்டதுதான்.

அடுத்த சனிக்கிழமையும் போவேன். அதற்கடுத்ததும். மஞ்சள் அட்டையை மறுபடி உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பாரத்தில் கடைசிக் கட்டத்துக்குக் கீழே, பேனாவால் கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன். பெயர் வைக்கவில்லை. அவர் வந்திருக்கும்போது அவள் வெறுங்காலோடு கூடத்தில் நடக்கும் நாளில் அதை நிரப்புவேன்.

அன்றைக்கும் இரண்டு தடவை பார்ப்பேன்.